தந்திக் கம்பியில் தொடங்கிய பாடம்

மவுஸைக் கணினியில் செருகுகிறோம். ஓரிரு நொடியில் அம்பு நகர்கிறது. அந்த ஓரிரு நொடிக்குள் கணினி சில கேள்விகளைக் கேட்டு முடித்துவிடுகிறது: நீ யார், எந்த நிறுவனத்தின் தயாரிப்பு, என்ன வேலை செய்வாய், எவ்வளவு மின்சாரம் வேண்டும்? மவுஸும் பிசகாமல் பதில் சொல்கிறது. அந்தப் பதில்களை யாரோ ஒருவர் உட்கார்ந்து எழுதி அதற்குள் வைத்திருக்கிறார். கணினியோடு பேசக்கூடிய ஒரு புறக்கருவியை நாமே வடிவமைத்து, அதற்கு நிரலும் எழுதும் இந்த வித்தை இன்று கல்லூரி மாணவர்களின் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. ஆனால் அது வந்த வழி பாரிஸ் தந்தி ஊழியர் ஒருவரையும், சிகாகோவின் உப்பு வியாபாரி ஒருவரையும், கிடங்கில் மிச்சமாகத் தேங்கிய இணைப்பான்களையும், மூடப்படவிருந்த ஓர் இத்தாலியக் கல்விக்கூடத்தையும் தொட்டு வருகிறது.

1870-களில் பிரெஞ்சுத் தந்தித் துறையில் வேலை பார்த்தவர் எமில் போதோ. அப்போது பரவலாக இருந்தது மோர்ஸ் முறை. மோர்ஸில் ஓர் எழுத்துக்கு ஒரு புள்ளி போதும், இன்னோர் எழுத்துக்கு நான்கு குறிகள் வேண்டும். மனிதக் காதுக்கு இது சிக்கலில்லை. இயந்திரத்துக்கு இது பெரும் சிக்கல், எழுத்து எங்கே முடிகிறது என்றே அதற்குத் தெரியாது. போதோ எல்லா எழுத்துக்கும் ஒரே நீளம் வைத்தார்: ஐந்து நிலைகள், ஒவ்வொன்றிலும் மின்சாரம் உண்டு அல்லது இல்லை. ஐந்து இடத்தில் இரண்டு வாய்ப்பு என்றால் 32 சேர்க்கைகள். அவருடைய விசைப்பலகையில் ஐந்தே கட்டைகள். இடக்கைக்கு இரண்டு, வலக்கைக்கு மூன்று. இயந்திரம் எழுப்பும் தாளத்துக்கு ஏற்ப, சரியான நொடியில் அவற்றை அழுத்தியாக வேண்டும். கணினி என்ற ஒன்று பிறப்பதற்கு முன்பே, எழுத்தைச் சம நீளத் துடிப்புகளாக்கிக் கம்பியில் அனுப்பும் வழக்கம் இப்படி நிலைபெற்றது. இன்று ஆர்டுயினோ என்ற சிறு மின்னணு போர்டுக்கு நிரல் எழுதும் மாணவர் 9600 பாட் என்று வேகம் குறிப்பிடுகிறாரே, அந்த அலகு போதோவின் நினைவாக வைக்கப்பட்டதுதான்.

தாளத்துக்கு ஐந்து கட்டை அழுத்துவது எல்லோருக்கும் வராது. 1901-ல் நியூசிலாந்துக்காரரான டொனால்ட் மரே, தட்டச்சுப்பொறி போன்ற விசைப்பலகையை வைத்து, காகித நாடாவில் துளையிடும் முறையைக் கொண்டுவந்தார். ஆள் இனிக் குறியீட்டை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. ஆகவே குறியீட்டை இயந்திரத்தின் வசதிக்கு மாற்றலாம் என்று அவருக்குப் பட்டது. ஆங்கிலத்தில் அதிகம் புழங்கும் எழுத்துகளுக்குக் குறைந்த துளைகள் கொடுத்தார், தேய்மானம் குறைந்தது. அதோடு, காகிதம் சுமக்கும் உருளையை வரியின் தொடக்கத்துக்குத் தள்ள ஒரு குறி, காகிதத்தை ஒரு வரி மேலேற்ற ஒரு குறி என்று இரண்டையும் சேர்த்தார். உருளையும் காகிதமும் போய்விட்டன, அந்த இரண்டு குறிகளும் போகவில்லை. போர்டுக்குக் கட்டளை அனுப்பியும் அது அசையவில்லையே என்று இரவெல்லாம் தேடும் மாணவர், வரி முடிவுக் குறி எதை அனுப்ப வேண்டும் என்ற தேர்வில்தான் பிழையைக் கண்டுபிடிக்கிறார்.

அடுத்த திருப்பம் உப்பு மண்டியில். 1902-ல் ஃபிராங்க் பியர்ன் என்ற இளம் பொறியாளர், அச்சிடும் தந்திக் கருவி ஒன்றைச் செய்யப் பண உதவி கேட்டு சிகாகோவில் ஜாய் மார்ட்டனைப் பார்த்தார். மார்ட்டன் அமெரிக்காவின் பெரிய உப்பு வணிகர். இது தேறுமா என்று பார்க்க, தன் சகோதரர் நடத்திய குளிர்பதனக் கிடங்கு நிறுவனத்தில் பணியாற்றிய இயந்திரப் பொறியாளர் சார்லஸ் கிரம்மை அவர் அமர்த்தினார். பியர்ன் சிறிது காலத்தில் விலகிவிட்டார், கிரம் விடவில்லை. பிறகு அவர் மகன் ஹோவர்டும் சேர்ந்துகொண்டார். மகன் தீர்த்து வைத்த சிக்கல்தான் நமக்கு முக்கியம். இரண்டு ஊர்களில் இருக்கும் இரண்டு மோட்டார்கள் நாள் முழுவதும் துல்லியமாக ஒரே வேகத்தில் சுழல வேண்டும் என்றால் நடக்கிற காரியமில்லை. ஒவ்வோர் எழுத்துக்கும் முன்னால் 'தொடங்கு' என ஒரு துடிப்பு, கடைசியில் 'நில்' என ஒரு துடிப்பு வைத்தால்? ஓர் எழுத்து போய்ச்சேரும் அந்தக் கணத்துக்கு மட்டும் இரண்டும் ஒத்துப்போனால் போதும். அடுத்த எழுத்துக்குப் புதிதாகத் தொடங்கிக்கொள்ளலாம். எவ்வளவு எளிய யோசனை! ஒன்றோடொன்று கடிகாரம் பொருந்தாத இரண்டு கருவிகளைப் பேசவைக்க இதைவிட மலிவான வழியை இன்றுவரை எவரும் கண்டுபிடித்ததாக எனக்குத் தோன்றவில்லை. இன்றைய மலிவான போர்டிலும் அதே தொடக்கத் துடிப்பு, அதே நிறுத்தத் துடிப்பு.

மார்ட்டனும் கிரம்மும் சேர்ந்து நடத்திய அந்த நிறுவனம் 1928-ல் டெலிடைப் கார்ப்பரேஷன் ஆனது. 1930-ல் ஏடி&டி அதை 3 கோடி டாலருக்கு வாங்கியது.

தந்திக் கருவி தொலைவிலிருந்து கணினியைச் சந்தித்த நாள் வரலாற்றில் பதிவாகியிருக்கிறது: 1940 செப்டம்பர் 11. அமெரிக்கக் கணிதவியல் கழகத்தின் கூட்டம் டார்ட்மத் கல்லூரியில் நடந்தது. பெல் ஆய்வகத்தின் ஜார்ஜ் ஸ்டிபிட்ஸ் தன் கணக்கிடும் இயந்திரத்தை நியூயார்க்கிலேயே விட்டுவிட்டு, ஒரு டெலிடைப்பை மட்டும் கூட்டத்துக்குக் கொண்டுவந்தார். கணக்கைத் தட்டச்சு செய்தால் அது தந்திக் கம்பி வழியே நியூயார்க் போய், விடை திரும்பி வந்து காகிதத்தில் அச்சானது. முயன்று பார்த்தவர்களில் ஒருவர் ஜான் மாக்லி. சில ஆண்டுகளில் எனியாக் கணினியை உருவாக்கிய இருவரில் ஒருவர் ஆனார்.

பிறகு கணினி செய்தவர்களில் பலர் விசைப்பலகைக்கும் அச்சுக்கும் சந்தையில் கிடைத்த டெலிடைப்பையே வாங்கி மாட்டினார்கள். டிஇசி நிறுவனத்தில் கார்டன் பெல், டெலிடைப் கம்பிகளைப் பிடிபி-1 கணினியோடு இணைக்க ஒரு சுற்றை வடிவமைத்தார். கம்பியில் ஒன்றன்பின் ஒன்றாக வரும் துடிப்புகளைச் சேகரித்து முழு எழுத்தாகக் கணினியிடம் ஒப்படைப்பதே அதன் வேலை. அப்போது அது ஒரு பெரிய போர்டை அடைத்துக்கொண்டது. 1970-களின் தொடக்கத்தில் ஒரே சிப்புக்குள் அடங்கிவிட்டது. யூஆர்ட் என்று இன்று எல்லா மைக்ரோகன்ட்ரோலர் (ஒரே சிப்பில் அடங்கிய சிறு கணினி) பாடத்திலும் வருவது அதுதான். 1960-ல் ஆர்எஸ்-232 என்ற இணைப்புத் தரம் வந்தது. டெலிடைப்பை மோடத்தோடு சேர்ப்பதற்கென்று எழுதப்பட்டது அது. பிறகு அதன் வழியே பிரிண்டர், மவுஸ், தராசு, மருத்துவக் கருவி, தொழிற்சாலை இயந்திரம் என்று எதையெல்லாமோ இணைத்தார்கள்.

இதுவரை இந்த வித்தை பெரிய நிறுவனங்களின் சம்பளப் பொறியாளர்களிடமே இருந்தது. 1975 ஜனவரியில் 'பாப்புலர் எலக்ட்ரானிக்ஸ்' இதழின் அட்டையில் ஆல்டேர் 8800 என்ற கணினிக் கிட் வந்ததும் நிலைமை மாறியது. நியூ மெக்சிகோவின் ஆல்பகர்க்கியில் எட் ராபர்ட்ஸ் நடத்திய சிறிய நிறுவனத்தின் தயாரிப்பு. முகப்பில் வரிசையாகச் சுவிட்சுகளும் விளக்குகளும் மட்டும். விசைப்பலகை கிடையாது, திரை கிடையாது. ஆனால் உள்ளே, கூடுதல் போர்டுகளைச் செருகுவதற்கு இடம் விட்டிருந்தார்கள். அந்தச் செருகிகளில் ஏன் 100 பின்கள்? அப்படிப்பட்ட செருகிகள் மலிவாகக் கிடைத்தன, ராபர்ட்ஸ் வாங்கிப்போட்டார், அவ்வளவுதான். எந்தப் பின்னில் என்ன மின்குறி என்ற வரிசையும் அவசரத்தில் அமைந்தது. அதுவே எஸ்-100 என்ற பெயரில் பல ஆண்டுகளுக்குத் தொழில்துறையின் தரமாக நின்றுவிட்டது.

விசைப்பலகையும் திரையும் இல்லாத கணினியை வைத்துக்கொண்டு என்ன செய்வது? கலிபோர்னியாவில் ஹோம்ப்ரூ கணினி மன்றத்தைச் சேர்ந்த ஸ்டீவ் டோம்பியர், தற்செயலாக ஒன்றைக் கவனித்தார். ஆல்டேர் ஓடும்போது பக்கத்தில் இருந்த ரேடியோ இரைந்தது. நிரலில் எந்தக் கட்டளைத் தொடர் எந்தச் சுருதியில் இரைச்சல் தருகிறது என்று பட்டியல் போட்டு, மன்றத்தின் கூட்டத்தில் பீட்டில்ஸ் பாடல் ஒன்றை அந்த ரேடியோவில் வாசிக்கவைத்தார். ஒரு கம்பிகூட இணைக்காத ஒலிக்கருவி! கூடியிருந்தவர்கள் எழுந்து கைதட்டினார்கள். எனக்கு இந்த வரலாற்றில் மிகப் பிடித்த இடம் இது. இருக்கிற பொருளை உற்றுக் கேட்டு, அதன் போக்கைப் புரிந்துகொண்டு, அதையே வேலை வாங்குவது. புறக்கருவி செய்யக் கற்பவருக்கு வேண்டிய குணம் முழுக்க இதில் இருக்கிறது.

அதே மன்றத்துக்காரர்கள் சிலர் ஆல்டேருக்கு நினைவகப் போர்டுகள் செய்து விற்கத் தொடங்கினார்கள். ராபர்ட்ஸின் சொந்தப் போர்டுகளைவிட அவை நன்றாக வேலை செய்தன. அவர் கோபப்பட்டு அவர்களை ஒட்டுண்ணிகள் என்றார். அந்தச் சிறு கடைக்காரர்கள் இல்லாமல் ஆல்டேர் அத்தனை வேகமாகப் பரவியிருக்காது என்பதே என் கணிப்பு.

1977-ல் வந்த ஆப்பிள் இரண்டு என்ற கணினியில் எட்டுச் செருகிகள். ஸ்டீவ் ஜாப்ஸ் இரண்டு போதும் என்றார். அதை வடிவமைத்த ஸ்டீவ் வோஸ்னியாக் எட்டு வேண்டும் என்று பிடிவாதமாக நின்றார். கையேட்டிலேயே சுற்றுப்படம் அச்சாகி வந்தது. அதே ஆண்டு 'பைட்' இதழில் ஸ்டீவ் சியார்சியா எழுதத் தொடங்கிய தொடர், வீட்டிலேயே கணினிக்கான கருவிகளைக் கட்டுவது எப்படி என்று மாதந்தோறும் சொல்லிக்கொடுத்தது. ஒரு தலைமுறைப் பொறியாளர்களுக்கு அதுவே வகுப்பறை.

1981 ஆகஸ்டில் ஐபிஎம் தன் பர்சனல் கம்ப்யூட்டரை வெளியிட்டபோது அதே பாதையில் இன்னும் ஒருபடி போனது. விலைகொடுத்து வாங்கக்கூடிய தொழில்நுட்பக் கையேட்டில் முழுச் சுற்றுப்படமும் இருந்தது, பயாஸ் என்ற தொடக்க நிரலின் வரிகளும் இருந்தன. மற்றவர்கள் செருகு அட்டைகள் செய்யட்டும் என்பதே நோக்கம். செய்தார்கள், கணினியையே நகலெடுக்கவும் செய்தார்கள். காம்பாக் நிறுவனம் முன்னால் வந்தது, தைவான் பட்டறைகள் பின்னால் வந்தன. ஐபிஎம்முக்கு நஷ்டம்தான். உலகத்துக்கோ, எல்லா ஊரிலும் ஒரே மாதிரிப் பின்பக்கத் துளைகள் கொண்ட கணினி கிடைத்தது. ஓரிடத்தில் கற்றது எங்கும் செல்லுபடியானது.

அந்தப் பின்பக்கத் துளைகளில் ஒன்று நம்மூர் மாணவர்களுக்குப் பெரிய ஆசானாக இருந்தது: பிரிண்டருக்கான பேரலல் போர்ட். அதன் பூர்வீகத்திலும் ஒரு தற்செயல். 1970-ல் சென்ட்ரானிக்ஸ் நிறுவனம் தன் முதல் பிரிண்டரைச் செய்தபோது, அதோடு தொடர்புடைய வாங் ஆய்வகத்தில் கால்குலேட்டருக்கென வாங்கிய ஆம்ஃபினால் இணைப்பான்கள் ஏறத்தாழ 20,000 மிச்சமாகக் கிடந்தன. ஒவ்வொன்றிலும் 36 முனைகள். அவற்றையே போட்டார்கள். பிரிண்டர் நன்றாக விற்றது. போட்டியாளர்களும் அந்த இணைப்பானையே பின்பற்றினார்கள். கணினிப் பக்கத்தில் இடமில்லாததால் ஐபிஎம் அதை 25 பின்னாகச் சுருக்கியது. 1980-ல் ஜப்பானின் எப்சன் எம்எக்ஸ்-80 வந்து உலகச் சந்தையைப் பிடித்தது; ஐபிஎம்மே அதைத் தன் பெயர் ஒட்டி விற்றது. நம் பக்கம் சென்னையின் டிவிஎஸ் எலக்ட்ரானிக்ஸ் செய்த எம்எஸ்பி டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர்கள் கடைகளிலும் அலுவலகங்களிலும் பில் அடித்து உழைத்தன. கிர்ர் கிர்ர் என்ற அந்தச் சத்தம் கேட்காமல் 1990-களில் சரக்கு லாரி அலுவலகம் எதுவும் நடந்திருக்காது.

பிரிண்டருக்கென்று வந்த அந்தத் துளைக்குள் மாணவர்கள் வேறொன்றைக் கண்டார்கள். 2 முதல் 9 வரை எட்டுப் பின்கள், தரவு அனுப்ப. 18 முதல் 25 வரை தரைமுனை. இரண்டாம் பின்னில் ஒரு ரெசிஸ்டர், அதன் மறுமுனையில் ஓர் எல்இடி, எல்இடியின் இன்னொரு காலைத் தரைமுனையில் வைத்துவிட்டு, டர்போ சி-யில் 888 என்ற முகவரிக்கு 1 என்ற எண்ணை எழுதினால் விளக்கு எரியும். 0 எழுதினால் அணையும். 255 எழுதினால் எட்டுப் பின்னிலும் மின்சாரம். எண்ணுக்கும் விளக்குக்கும் நடுவில் வேறு எதுவுமே இல்லை. இரும எண்கள் என்பதைப் புத்தகத்தில் படித்துத் தலையாட்டியவர்கள், 5 எழுதினால் முதலாவதும் மூன்றாவதும் எரிவதைப் பார்த்துப் புரிந்துகொண்டார்கள். எல்இடிக்குப் பதில் டிரான்சிஸ்டரும் ரிலேயும் வைத்தால் மின்விசிறி; ஸ்டெப்பர் மோட்டாருக்கான ஐசி வைத்தால் சுழலும் கை. அடுத்த முகவரி 889-ல் ஐந்து உள்வழிகள், சுவிட்சையும் சென்சாரையும் படிக்க. பைனல் இயர் ப்ராஜெக்ட் என்று தமிழ்நாட்டுப் பொறியியல் கல்லூரிகளில் அந்தக் காலத்தில் ஓடிய பொம்மைப் போக்குவரத்து விளக்குகளும் ரோபோக்களும் பெருமளவு இந்தத் துளையிலிருந்து கம்பி இழுத்தவைதான். பொருள் வாங்க சென்னையின் ரிச்சி தெரு, கட்ட ப்ரெட்போர்டு, நம்பிக்கைக்கு ஆய்வகத்து அண்ணன். கம்பி மாறிப்போய் போர்ட்டே கருகிய கதைகளும் எல்லாக் கல்லூரியிலும் உண்டு.

அது நிலைக்கவில்லை. டாஸ் இயங்குதளம் எந்த நிரலையும் வன்பொருளைத் தொடவிட்டது. விண்டோஸ் என்டி வழிவந்தவை விடவில்லை. 2001-ல் விண்டோஸ் எக்ஸ்பி வீடுகளுக்கு வந்ததும், 888-க்கு நேரே எழுதிய பழைய நிரல்கள் பிழை காட்டி நின்றன. பாதுகாப்புக்கு அது தேவைதான், மறுக்க முடியாது. சிறிது காலத்தில் லேப்டாப்களிலிருந்து அந்தத் துளையும் மறைந்தது. இடத்தைப் பிடித்தது யுஎஸ்பி.

1990-களின் நடுவில் கணினிக்குப் பின்னால் துளைகள் பெருகிக் கிடந்தன: விசைப்பலகைக்கு ஒன்று, மவுஸுக்கு ஒன்று, மோடத்துக்கு ஒன்று, பிரிண்டருக்கு ஒன்று. பரோடாவில் படித்து இன்டெல்லில் பொறியாளரான அஜய் பட், வீட்டில் பிரிண்டரை இணைக்கப் பட்ட பாடே தன்னை யோசிக்கவைத்தது என்று பின்னாளில் சொன்னார். ஏழு நிறுவனங்கள் கூடி வேலை செய்ய, 1996 ஜனவரியில் யுஎஸ்பி 1.0 வெளிவந்தது. உடனே யாரும் தலையில் தூக்கி வைத்துக்கொள்ளவில்லை. 1998 ஏப்ரலில் சிகாகோவில், பில் கேட்ஸ் மேடையில் நிற்க, உதவியாளர் ஒரு ஸ்கேனரை யுஎஸ்பியில் செருகினார். விண்டோஸ் 98-ன் முன்னோட்டம் நீலத்திரை காட்டி விழுந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் ஆப்பிள் தன் ஐமேக்கிலிருந்து பழைய துளைகளை எடுத்துவிட்டு யுஎஸ்பியை வைத்தது. வேறு வழியில்லாமல் கருவி செய்பவர்கள் அந்தப் பக்கம் திரும்பினார்கள்.

வாங்குபவருக்குச் சுகம், கற்பவருக்குக் கடினம். யுஎஸ்பியில் கணினிதான் எஜமான். வகுப்பில் ஆசிரியர் பெயர் சொல்லி அழைக்கும்வரை வாய் திறக்காத பிள்ளைகளைப் போல, கேட்காமல் எந்தக் கருவியும் பேசாது. செருகியதும், கருவி தன் இரண்டு தரவுக் கம்பிகளில் ஒன்றை 1.5 கிலோ ஓம் ரெசிஸ்டர் மூலம் மேலே இழுக்கிறது. வந்திருக்கிறேன் என்பதற்கு அதுதான் அடையாளம். கணினி முதலில் 0 என்ற முகவரியில் அழைத்து விவரம் கேட்கிறது; பிறகு 1 முதல் 127 வரை ஓர் எண்ணைத் தருகிறது; பிறகு நிறுவன எண், பொருள் எண், வகை, மின்தேவை என்று ஒவ்வொன்றாக விசாரிக்கிறது. ஒரு பைட் தவறினாலும் கருவி அடையாளம் தெரியாத ஒன்றாகிவிடும். விசைப்பலகை என்று சொல்லிக்கொண்டால் வேலை கொஞ்சம் எளிது, தனி டிரைவர் வேண்டாம். கணினி கேட்கும்போதெல்லாம் எட்டு பைட் கொடுத்தால் போதும். ஆங்கிலத்தின் முதல் எழுத்து அழுத்தப்பட்டிருந்தால் மூன்றாவது பைட்டில் 4. விரலை எடுத்ததும் எட்டும் பூஜ்யம். அந்தப் பூஜ்யங்களை அனுப்ப மறந்தால் திரையில் அதே எழுத்து முடிவில்லாமல் கொட்டும்.

இதோடு, நிறுவன எண் வேண்டுமென்றால் யுஎஸ்பி அமைப்புக்குப் பல ஆயிரம் டாலர் கட்ட வேண்டும். 888-ல் எண் எழுதி விளக்கெரித்த மாணவர் எங்கே, இது எங்கே! பேரலல் போர்ட், சீரியல் போர்ட், யுஎஸ்பி என்று ஒவ்வொன்றுக்கும் முழு நூல் எழுதிக் கைப்பிடித்துக் கூட்டிப்போன ஜேன் ஆக்சல்சன் போன்றவர்கள் இல்லாவிட்டால் பலர் அந்த இடத்திலேயே நின்றிருப்பார்கள்.

வழி இரண்டு பக்கத்திலிருந்து திறந்தது. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் எஃப்டிடிஐ என்ற நிறுவனம், ஒரு பக்கம் யுஎஸ்பியும் மறுபக்கம் பழைய சீரியலும் பேசும் மொழிபெயர்ப்பு சிப் செய்தது. மைக்ரோகன்ட்ரோலருக்கு யுஎஸ்பி தெரிய வேண்டாம். கிரம் காலத்துத் தொடக்க-நிறுத்தத் துடிப்பு தெரிந்தால் போதும். அப்படி ஒரு கருவியை லினக்ஸில் செருகினால் 'டிடிஒய் யுஎஸ்பி 0' என்ற கோப்பு தோன்றும். முதல் மூன்று எழுத்தும் டெலிடைப்பின் சுருக்கம். இன்னொரு பக்கம், வியன்னாவில் அப்ஜெக்டிவ் டெவலப்மென்ட் என்ற சிறு மென்பொருள் நிறுவனம், யுஎஸ்பி வன்பொருளே இல்லாத ஏவிஆர் என்ற மலிவான மைக்ரோகன்ட்ரோலர் சிப்பை யுஎஸ்பி பேசவைத்தது. யுஎஸ்பியின் மெதுவான வேகம் நொடிக்கு 15 லட்சம் பிட். சிப்பின் கடிகாரம் 12 மெகாஹெர்ட்ஸ். ஆகவே ஒவ்வொரு பிட்டுக்கும் எட்டே துடிப்பு அவகாசம். அந்த எட்டுக்குள் கம்பியைப் படித்து, சேமித்து, அடுத்ததற்குத் தயாராக அசெம்பிளி வரிகளை எண்ணி எண்ணி எழுதினார்கள். வி-யுஎஸ்பி என்ற அந்த நிரலைத் திறந்த மூலமாகக் கொடுத்ததோடு, பொழுதுபோக்குக்காகச் செய்பவர்கள் பயன்படுத்தத் தங்களிடம் இருந்த சில எண்களைப் பகிர்ந்தும் கொடுத்தார்கள். பெரிய மனசு.

அந்த ஏவிஆர் சிப்பும் மாணவர் சரக்குதான். நார்வேயின் ட்ரொண்ட்ஹெய்மில் ஆல்ஃப்-எகில் போகன், வெகார்ட் வோலன் என்ற இருவர் படிக்கும்போது யோசித்தது. அட்மெல் நிறுவனம் அதைத் தயாரித்தது. அது இத்தாலிக்குப் போய்ச் சேர்ந்த இடம் இவ்ரியா என்ற சிறு நகரம். ஒலிவெட்டி தட்டச்சுப்பொறிகள் பிறந்த அதே ஊர். அங்கிருந்த வடிவமைப்புக் கல்விக்கூடத்தில், கொலம்பியாவிலிருந்து வந்த எர்னாந்தோ பராகன், 2003-ல் தன் முதுகலை ஆய்வாக 'வயரிங்' என்ற போர்டையும் எளிய நிரல் மொழியையும் செய்தார். மின்னணுவியல் படிக்காத வடிவமைப்பாளர்களும் கருவி செய்ய வேண்டும் என்பது நோக்கம். 2005-ல் அதே கூடத்தின் மாசிமோ பான்சியும் நண்பர்களும் அந்த நிரல் அடித்தளத்தை எடுத்து, இன்னும் மலிவான ஏவிஆர் சிப்பில் ஆர்டுயினோவைச் செய்தார்கள். கல்விக்கூடம் மூடப்படவிருந்தது; உழைப்பு வீணாகக் கூடாது என்று வடிவமைப்பு முழுவதையும் பொதுவில் வைத்தார்கள். உலகம் முழுக்க அது பரவ அந்த முடிவே முதல் காரணம். பராகனுக்குச் சேர வேண்டிய பெயர் பல ஆண்டுகள் சேரவில்லை என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும்.

திறந்து வைத்தால் நகல் வரும். சீனாவின் ஷென்ஷென் பட்டறைகள் ஆர்டுயினோவை ஆயிரக்கணக்கில் அடித்துத் தள்ளின. விலையுயர்ந்த எஃப்டிடிஐ சிப்புக்குப் பதில் நான்ஜிங் நிறுவனமொன்றின் சிஎச்340 சிப் வைத்தார்கள். ரிச்சி தெருவில் மாணவர்கள் வாங்குவதில் பெரும்பாலானவை அதுதான். இது நேர்மையான மாற்று. நேர்மையற்றதும் இருந்தது: எஃப்டிடிஐயின் பெயரையே பொறித்த போலி சிப்கள். 2014 அக்டோபரில் அந்த நிறுவனம் தன் புதிய டிரைவரில், போலி சிப்பைக் கண்டால் அதன் பொருள் எண்ணைப் பூஜ்யமாக்கிவிடும் வரிகளைச் சேர்த்தது. விண்டோஸ் அப்டேட் வழியே அது போய், போலி என்று தெரியாமலே வாங்கியவர்களின் கருவிகள் செத்தன. கூச்சல் எழ, டிரைவர் திரும்பப் பெறப்பட்டது. போலியை உடைத்து நுண்ணோக்கியில் பார்த்தவர்களுக்கு ஒரு வியப்பு. உள்ளே இருந்தது மூல சிப்பின் சுற்றே அல்ல. ஒரு பொது மைக்ரோகன்ட்ரோலர், அந்த சிப்பைப் போலவே பதில் சொல்லும்படி நிரல் எழுதப்பட்டிருந்தது. செய்தது திருட்டு, சந்தேகமில்லை. ஆனால் அதைச் செய்தவருக்கு யுஎஸ்பி கரதலப் பாடம்.

நம் நாட்டிலும் இந்த வித்தையின் ஒவ்வொரு கட்டத்தையும் கடந்து வந்த ஒரு முயற்சி உண்டு. புதுடெல்லியின் பல்கலைக்கழகங்களுக்கிடையேயான முடுக்கி மையத்தில், அஜித் குமார் என்ற விஞ்ஞானி 2004 வாக்கில் ஃபீனிக்ஸ் என்ற திட்டத்தைத் தொடங்கினார். இயற்பியல் ஆய்வகத்தில் விலையுயர்ந்த கருவி இல்லாத கல்லூரிகளுக்கு, கணினியோடு இணையும் ஒரு பெட்டி. அளவெடுப்பதற்கு பைத்தான் நிரல். முதலில் பேரலல் போர்ட்டில் இணைந்தது, பின்னர் மைக்ரோகன்ட்ரோலருக்கு மாறி, எக்ஸ்ப்ஐஸ் என்ற பெயரில் யுஎஸ்பிக்கு வந்தது. சுற்றும் நிரலும் திறந்தவை. ஊசலின் அலைவு நேரத்தையும் ஒலியின் வேகத்தையும் மாணவர்கள் தாங்களே அளக்கலாம், விரும்பினால் பெட்டியைத் திறந்து எப்படி அளக்கிறது என்றும் பார்க்கலாம்.

நம் பொறியியல் பாடத்திட்டத்தில் 8255 என்ற இன்டெல் சிப் நெடுங்காலமாக இருக்கிறது. புறக்கருவிகளை இணைப்பதற்கென்றே வந்தது. அதன் கட்டளைப் பைட்டை உருப்போடாமல் தேர்வு எழுதியவர் அரிது. அது இருக்கட்டும், அடிப்படை அதில் நன்றாகவே புரியும். அதோடு ஒரே ஒரு ஆய்வக வகுப்பில், மாணவர்கள் ஒரு பொத்தானை யுஎஸ்பி விசைப்பலகையாக மாற்றட்டும் என்று பாடம் அமைக்கும் பேராசிரியர்களைக் கேட்டுக்கொள்கிறேன். 2021 ஜனவரியில் 4 டாலருக்கு வந்த ராஸ்பெரி பை பிகோ போன்ற போர்டுகளில் யுஎஸ்பி உள்ளேயே இருக்கிறது. போர்டில் உள்ள பொத்தானை அழுத்தியபடி செருகினால் பென்டிரைவ் போலத் தெரியும், கோப்பை அதில் போட்டால் நிரல் ஏறிவிடும். நிறுவன எண், பொருள் எண், அந்த எட்டு பைட், கடைசியில் அனுப்ப வேண்டிய பூஜ்யங்கள் எல்லாவற்றையும் மாணவரே தன் கையால் எழுதிப் பார்க்கலாம்.

வீட்டில் முயலப்போகிறவர்களுக்கு ஒரு சொல். போர்டு வாங்கும்போது கேபிளைக் கேட்டு வாங்குங்கள். சார்ஜ் செய்ய மட்டும் வரும் மலிவான கேபிள்களில் இரண்டு தரவுக் கம்பிகளும் இருக்காது. போர்டில் விளக்கு எரியும், கணினிக்கு அது வந்ததே தெரியாது. கடைக்காரரிடம் டேட்டா கேபிள்தானா என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.